சத்தம் போட்டுக்கொண்டு வந்த அக்கா

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே யாராவது ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்கு ஆள் பஞ்சமே இல்லை. நாங்கள் இருவரும் வேலை செய்த நூலகத்தில் எல்லோரும் அவரை மிஸ் என்றார்கள். நான் அக்கா என்பேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

காலை ஏழே முக்காலுக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு குரல் கேட்கும். "வாறன்! வாறன்!" முதல் முடக்கில் திரும்பும்போது ஒரு தடவை, வைரவர் கோயிலடியில் ஒரு தடவை, எங்கள் மதிலுக்கு நேரே வந்ததும் இன்னொரு தடவை. பழைய இரும்பு வாங்குகிறவர் என்று நினைத்து ஓட்டைச் சட்டியோடு வாசலுக்கு ஓடிவந்தவர்களும் உண்டு. குரலுக்குப் பின்னால் வான நீலத்தில் ஒரு மின்சார ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் வரும். அதில் தலைக்கவசத்துக்குள் கண்ணாடி போட்ட ஐம்பது வயது முகம். ஒழுங்கைப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். அவர் "வாறன்" என்றால், "வாங்கோ! வாங்கோ!" என்று வீட்டுக்கு வீடு பதில் குரல் வரும். நாய்கள்கூட அவரைப் பார்த்துக் குரைப்பதில்லை.

"மிஸ், உதிலை ஹோர்ண் இல்லையோ?" என்று ஒருநாள் எங்கள் நூலகக் காவலாளி ஐயா கேட்டார்.

"இருக்கு ஐயா, நல்ல ஹோர்ண். ஆனா அதை அடிச்சால் ஆக்கள் திடுக்கிடுவினம். மனிசக் குரலெண்டால் திரும்பிப் பாப்பினம், அவ்வளவுதான்."

இதே மனுஷி நூலகத்துக்குள் வந்ததும் விரலை உதட்டில் வைத்து, பெருமூச்சு விடுகிறவர்களைக்கூட முறைப்பார். உள்ளே ஊசி விழக்கூடாது, வெளியே ஊரையே எழுப்புவார். நாங்கள் அவருக்குப் பின்னால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நானும் சிரித்தேன். ஆனால் அவர் ஏன் அப்படிக் கத்திக்கொண்டு வருகிறார் என்பது அந்த நூலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டே சிரித்தவள் நான்.

பெற்றோல் வரிசை ஊர் ஊராக நீண்டுகிடந்த வருடத்தில் அவர் அந்த ஸ்கூட்டரை வாங்கினார். அவர் குருநகர். தகப்பனும் தம்பிமாரும் கடலுக்குப் போகிறவர்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகளும் அப்போது கரையில்தான் கிடந்தன. "வீட்டிலை எல்லாரும் கரையிலை. நானாவது ஓடுவம் எண்டு வாங்கினன்" என்று சொன்னார். உடுவில் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன நூலகத்துக்கு அங்கிருந்து வருவதென்றால், அந்த நாளில் பஸ்ஸை நம்பினால் மத்தியானம்தான் வந்துசேரலாம்.

ஸ்கூட்டர் முதன்முதல் நூலக முற்றத்துக்கு வந்த நாளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில் சுவாமியார் ஏற்கனவே தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்துத்தான் விட்டிருந்தார். காவலாளி ஐயாவுக்கு அது போதவில்லை.

"தீர்த்தம் சரி மிஸ். தேசிக்காய் எங்கை?"

"வையுங்கோ ஐயா, வையுங்கோ. ஆண்டவர் கோவிக்கமாட்டார்."

ஐயா இரண்டு சக்கரத்துக்கும் அடியில் தேசிக்காய் வைத்தார், சூடம் கொளுத்தினார். நான் அழையா விருந்தாளியாகப் போய் ஏறி உட்கார்ந்துகொண்டேன். எஞ்சின் சத்தம் இல்லைத்தானே, அப்படியானால் ஓடவில்லை என்றுதான் அர்த்தம் என்பது என் அறிவு. கைப்பிடியைச் சும்மா ஒரு முறுக்கு முறுக்கிப் பார்த்தேன். அவ்வளவுதான். தேசிக்காய் இரண்டும் சட்னி. சூடத்தட்டு ஒரு பக்கம், ஐயா இன்னொரு பக்கம். நான் நேரே போய், ஆட்கள் இருந்து பத்திரிகை வாசிக்கிற மர வாங்கில் மோதி நின்றேன். மரண அறிவித்தல் பக்கத்தை விரித்துவைத்திருந்த ஒரு பென்ஷன்காரர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, தன்னுடையதும் நாளைக்கு வரப்போகிறதோ என்ற முகத்தோடு என்னைப் பார்த்தார்.

புது ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் ஒரு கீறல். வேறு யாராவது என்றால் என்னைத் தின்றிருப்பார்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உது செத்ததுமாதிரிக் கிடக்கும் பிள்ளை. ஆனா உயிரோடைதான் நிக்கும். கேட்டிட்டுத் தொடோணும்" என்றார்.

கேட்டுவிட்டுத் தொடுவது, சொல்லிவிட்டு வருவது. அதுதான் அவர். கேட்காமல் யாருடைய பேனையையும் எடுக்கமாட்டார். நூலகச் சுவரில் பிளக் இருக்கிறது. பகலில் அங்கே சார்ஜ் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அக்கா மேலிடத்துக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டார். பதில் வரவில்லை.

"பதில் வராட்டி ஓம் எண்டுதான் அர்த்தம் அக்கா, போடுங்கோ" என்றேன்.

"பதில் வராட்டிப் பதில் வரேல்லை எண்டுதான் அர்த்தம்" என்றார்.

கடைசிவரை அவர் அங்கே சார்ஜ் போடவேயில்லை. மின்வெட்டு நேர அட்டவணையைச் செபம் மாதிரி மனப்பாடம் செய்து, வீட்டில் கரண்ட் இருக்கிற மணித்தியாலமெல்லாம் பார்த்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவார். எங்களுக்கு அது பைத்தியக்கார விசராய்ப் பட்டது. அவருக்கு அது சாதாரணம்.

என்னை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். என்னுடைய ஸ்கூட்டி பெற்றோல் இல்லாமல் மாமரத்தடியில் தூசு பிடித்துக்கொண்டிருந்தது. நான் வெயிலில் நடந்து வந்து சேர்ந்த ஒருநாள், "பிள்ளை, நான் உங்கடை ஒழுங்கையாலை வந்தால் இரண்டு கிலோமீற்றர்தான் கூட. நாளையிலை இருந்து கேற்றடியிலை நில்" என்றார். காலையில் ஏற்றுவார், பின்னேரம் கொண்டுவந்து இறக்குவார். முப்பதுக்கு மேலே ஓடமாட்டார். சத்தமில்லாத வண்டியாதலால் இரண்டு பேரும் தலையைத் திருப்பாமலே கதைத்துக்கொண்டு போகலாம். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே, தண்ணீர் இறைத்த மண் வாசனைக்குள்ளால் அப்படிப் போவது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அவருக்கு நான் சொன்னதே இல்லை.

இறக்கிவிட்டதும் அம்மா அவரை விடமாட்டார். "தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகோணும்." அக்கா விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து, சீனி குறைத்து, ஊதி ஊதிக் குடிப்பார். அம்மாவும் அவரும் சேர்ந்தால் மீன் விலையில் தொடங்கி மருமக்களில்தான் முடியும்.

இனி என் வாயைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒருநாள் காலை பின்வளவு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உங்கடை வீட்டை இப்ப குருநகர் ஆக்களெல்லாம் வந்து தேத்தண்ணி குடிக்கினமாம்?" என்று கேட்டார். அந்த 'மாம்' என்னைப் பகல் முழுவதும் குத்திக்கொண்டேயிருந்தது. கடற்கரை ஆட்களுக்கு எங்கள் ஊர் வீடுகளில் தனிப் பாத்திரம் வைத்த காலம் ஒன்று இருந்தது. அது போய்விட்டது என்று மேடையில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். நான் படித்தவள். சமத்துவம் பற்றிய புத்தகங்களுக்கு இலக்கம் போட்டு அடுக்குகிறவள். அன்று பின்னேரம் அக்கா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனதும், அதே விறாந்தையில் நின்றுகொண்டு, அதே வாயால், அம்மாவிடம் சொன்னேன்:

"அம்மா, உந்தக் கப்பை எங்கடையளோடை சேர்க்காதேங்கோ. அவவுக்கெண்டு தனியா வையுங்கோ."

அம்மா என்னைப் பார்த்தார். கப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பத்து நிமிடம் கழித்துக் கேற்றைப் பூட்டப் போனால், கேற்றுக் கம்பியில் என் சாப்பாட்டுப் பை தொங்குகிறது. ஸ்கூட்டர் கொழுக்கியில் நான் மறந்து விட்ட பை. அக்கா அதைக் கொடுப்பதற்காகத் திரும்பி வந்திருக்கிறார். விறாந்தைக்கும் கேற்றுக்கும் இடையில் பத்து அடி இருந்தால் பெரிது. பெற்றோல் வண்டியாக இருந்தால் முடக்கிலேயே சத்தம் கேட்டிருக்கும், என் வாயும் மூடியிருக்கும்.

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு முடக்கில் முதன்முதலாக அந்தக் குரல் கேட்டது.

"வாறன்! வாறன்!"

நான் கேற்றடிக்கு ஓடினேன். "ஏறு பிள்ளை, நேரம் போச்சு" என்றார். முகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. அது என்னைக் கொன்றது. ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி அழுதிருப்பேன்.

அன்றிலிருந்து அவர் எங்கள் கேற்றைத் தாண்டவில்லை. பின்னேரம் அம்மா வாசலில் நின்று கூப்பிடுவார். "உள்ளுக்கு வாங்கோவன் பிள்ளை."

"இல்லையம்மா, சார்ஜ் குறைவு. வெளிச்சத்தோடை போய்ச் சேரோணும்."

பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவர் தோளுக்கு மேலால் மீற்றர் தெரியும். நாலு கட்டத்தில் மூன்று நிரம்பித்தான் இருக்கும். அவர் பொய் சொல்வதை நான் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான். ஒரு நாளா, இரண்டு நாளா? ஏறத்தாழ ஒரு வருடம், ஒவ்வொரு பின்னேரமும். பெற்றோல் பங்கீடு வந்து என் ஸ்கூட்டி ஓடத் தொடங்கிய பிறகும் நான் அவருடைய சீற்றை விடவில்லை. இறங்கினால் கேட்கவேண்டியதைக் கேட்காமலே போய்விடுவேனோ என்று பயம்.

கீரிமலைக்குப் போனதும் இந்தக் காலத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "குளிச்சு வருவமோ?" என்று அவரே கேட்டார். அன்று அவர் பாட்டுக்கூடப் பாடினார். ஒரு முடக்கில் ஆடுகளுக்கும் "வாறன்" சொன்னார். தங்களை யாரோ மதித்துவிட்டார்கள் என்பதுபோல ஆடுகள் விலகி வழி விட்டன. பெண்கள் கேணியில் இறங்கினோம். மதிலுக்கு அப்பால் கடல் அடிக்கிற சத்தம், கேணிக்குள்ளே நன்னீர். அக்கா மல்லாந்து, கையைக் காலை அசைக்காமல் மிதந்தார்.

படியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார். எங்கள் ஊரில் பெயருக்கு முன்னால் கேட்கிற கேள்வி; இடம் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும்.

"பிள்ளையள் எவ்விடம்?"

நான் முந்திக்கொண்டேன். "உடுவில். நாங்கள் இரண்டு பேரும் உடுவில்."

அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன், சத்தியமாக. அக்கா தண்ணீரில் எழுந்து நின்று, முகத்தை வழித்துவிட்டு, கேணி முழுவதும் கேட்கச் சொன்னார்: "இவ உடுவில். நான் குருநகர் அம்மா."

அந்த அம்மா "ஓ" என்றுவிட்டுத் தோய்க்கத் தொடங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. நான்தான் தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது முதல் முறையாக இருவரும் கதைக்கவில்லை. கேட்டுவிடு, இப்போது கேட்டுவிடு என்று மனது அடித்துக்கொண்டது. மல்லாகம் வந்தது, சுன்னாகம் வந்தது, வீடும் வந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டாத இடத்தில் திறக்கும் வாய், வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்கிறது.

பிறகு அவருக்கு இடமாற்றம் வந்தது, குருநகருக்குக் கிட்டவாகவே. எல்லோரும் நல்லது நல்லது என்றார்கள். கேக் வெட்டினோம். காவலாளி ஐயா அழுதார்.

அந்தக் கடைசிப் பின்னேரம் வழக்கம்போல என்னை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். காலையில் குருநகரில் கரண்ட் இல்லையாம். மீற்றரில் ஒரே ஒரு கட்டம், அதுவும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அன்று உண்மையாகவே சார்ஜ் இல்லை. தோட்டவெளியில் ஆளில்லாத இடத்தில், "அக்கா, நிப்பாட்டுங்கோ" என்றேன்.

நிறுத்தினார். இறங்கி முன்னால் போய் நின்றேன்.

"அண்டைக்கு நான் அம்மாவுக்குச் சொன்னது... அந்தக் கப்... உங்களுக்குக் கேட்டதோ?"

"கேட்டது."

தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தார். "நீ எப்பவாவது கேப்பாய் எண்டு தெரியும். ஒரு வருஷம் எடுக்கும் எண்டு நினைக்கேல்லை."

"பிறகு ஏன் அக்கா என்னை ஏத்திக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

"பின்னை? பஸ் இல்லையே."

நான் அழுதுவிட்டேன். ரோட்டில் நின்று, மூக்கு ஒழுக, குழந்தைப்பிள்ளை மாதிரி. அவர் தடுக்கவில்லை. தோட்டத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"அண்டைக்குப் பிறகு எனக்கு ஒரு பயம் பிள்ளை. இந்த ஸ்கூட்டர் சத்தமில்லாமல் போய் எந்த மதிலடியிலை என்னத்தைக் கேக்க வைக்குமோ எண்டு. கேட்டால் பிறகு அந்த முகங்களைப் பாக்கேலாமல் போயிடும். அதுதான் முந்தியே சொல்லிக்கொண்டு வாறது. கதைக்கிறவை கதையை மாத்தட்டும். எல்லாருக்கும் நிம்மதி."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"நீ அதை எனக்குச் சொல்லேல்லை. அம்மாவுக்குத்தான் சொன்னனி. மாத்திச் சொல்லுறதெண்டால் அம்மாவுக்குத்தான் சொல்லோணும். அண்டைக்கு எந்தச் சத்தத்திலை சொன்னனியோ, அதே சத்தத்திலை. நான் கேற்றடியிலை நிக்கிறன்."

வீட்டுக்கு வந்தோம். அவர் கேற்றுக்கு வெளியே ஸ்கூட்டரில் இருந்தார். அம்மா விறாந்தையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பின்வளவு மாமியின் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது. கேட்கட்டும், அவருக்கும் கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மா! அக்கா குடிச்ச கப்பைத் தனியா வையுங்கோ எண்டு அண்டைக்கு நான் சொன்னனான். நான் சொன்னது பிழை. கேவலமான பிழை. அவ எங்கடை கப்பிலைதான் குடிக்கோணும்."

கிணற்றடி வாளிச் சத்தம் நின்றது. அம்மா வெங்காயக் கையோடு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீ சொன்னனி. நான் செய்தனானே?"

"என்னம்மா?"

"நான் எங்கையடி தனியா வைச்சனான்? எல்லாத்தோடையும்தான் கழுவிக் கவிழ்த்தனான். இந்த ஒரு வருஷமா நீயும் அதிலைதான் குடிக்கிறாய். ஏதும் குறைஞ்சு போனியோ?"

அம்மாவை நான் பழைய காலத்து மனுஷி என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டில் பழைய காலம் என்று ஒன்று இருந்தால், அது நான்தான்.

அம்மா எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனார். "பிள்ளை, உவளின்ரை கதையைக் கேட்டிட்டே இவ்வளவு நாளும் ரோட்டிலை நிண்டனீங்கள்? உள்ளுக்கு வாங்கோ."

"சார்ஜ் இல்லையம்மா" என்றார் அக்கா. பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. பிறகு தானே சிரித்துவிட்டு, "இண்டைக்கு மெய்யாவே இல்லை" என்றார்.

"அப்ப இஞ்சை போடுங்கோ. எங்கடை வீட்டிலை கரண்ட் இருக்கு."

"போடட்டோ?"

"போடுங்கோ எண்டுதானே சொல்லுறன்."

அக்கா ஸ்கூட்டரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். சீற்றுக்கு அடியில் இருந்து சார்ஜரை எடுத்தார். நான் யன்னலால் வயரை வாங்கி முன்னறைப் பிளக்கில் குத்தினேன். சிவப்பு லைற் பற்றியது. தேத்தண்ணி போட உள்ளே போனேன். கழுவிக் கவிழ்த்திருந்த கப்புகளைப் பார்த்தேன். எது அந்தக் கப் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றை எடுத்தேன்.

அம்மாவும் அக்காவும் விட்ட இடத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு வருடம் நடுவில் போகாததுபோல. நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். என்னை யாரும் கதைக்குள் சேர்க்கவில்லை. அது சரியாகவே பட்டது.

அரை மணித்தியாலத்தில் அக்கா எழுந்து வயரைக் கழற்றிச் சுற்றத் தொடங்கினார். மீற்றரில் இரண்டாவது கட்டம் வரைதான் ஏறியிருந்தது.

"இன்னும் நிறையேல்லையே அக்கா" என்றேன். "கொஞ்ச நேரம் இருங்கோவன்."

"ஓம், நிறையேல்லை" என்றார் என்னைப் பார்த்து. குரலில் கோபமில்லை, சிரிப்பும் இல்லை. "வீட்டை போய்ச் சேர இவ்வளவு போதும்."

நான் கேற்றைத் திறந்துவிட்டேன்.